இரண்டு ஆள் கணக்கு

படகுத்துறை என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.
பதினொரு பலகை, நாலு தண்டவாளத் துண்டு,
படகு முட்டாமலிருக்க ஒரு லொறி டயர்.
மூன்றாம் பலகை போன மாரியில் போனது.
எல்லோர் காலுக்கும் அது தெரியும்,
இருட்டிலும் தானாக எட்டி வைக்கும்.

இந்தக் கரையில் தொப்பித்தோட்டம்.
அந்தக் கரையில் ஊசிக்கணக்கு;
அதற்கு ஒரு ஸ்கொத்லாந்துப் பெயரும் உண்டு,
சம்பளச் சிட்டை மட்டும் அப்படிக் கூப்பிடும்.
ரோட்டால் பதினாறு கிலோமீட்டர்,
ஆட்டோ கேட்பது ஒரு முழுப் பேர்க் காசு.
டேம் தண்ணீரால் போனால்
வெற்றிலை ஒரு வாய் மென்று துப்பும் தூரம்.

இன்றைக்குத் துறையில் ஒரு பிரிட்ஜ் நிற்கிறது.
குவைத்திலிருந்து யோகமலர் காசனுப்ப
ஹட்டனில் வாங்கியது.
மட்டத்துக் கயிறால் கட்டி
நாலு பேர் இறக்கினோம்,
மூன்றாம் பலகையை அதற்கு யார் சொல்வது?
கொஞ்சம் சறுக்கியது. நின்றது.

"இது ரெண்டு ஆள் கணக்கு" என்றான் சவரிமுத்து.
"மூச்சு விடாத ஆளுக்கு என்னடா காசு?"
பவளக்கொடி விடவில்லை.
பள்ளிக்கூடப் பிள்ளைகள் மூவர் இறங்கி
அடுத்த நடைக்கு நின்றுகொண்டார்கள்.

நடுத்தண்ணீரில் எஞ்சினை நிறுத்தினான்.
எப்போதும் நிறுத்துவான்.
இரண்டு தோட்டத்துக்கும் சிக்னல் இருப்பது
இந்த ஓரிடத்தில்தான்.
மடியிலும் சட்டைப் பையிலும்
ஒவ்வொன்றாய்க் கூவின போன்கள்.

யோகமலர் வந்தாள், உள்ளங்கையளவு.
பவளக்கொடி கதவைத் திறந்து காட்டினாள்,
முட்டைக் குழிகளைக் காட்டினாள்,
கீழ்த்தட்டை இழுத்துக் காட்டினாள்.
"அம்மா, பெட்டிய விடு.
ஒன் மொகத்தக் காட்டு."
"இரு புள்ள, இன்னும் மேல்தட்டு இருக்கு."

தூறல் பிடித்தது.
முக்காட்டைக் கழற்றி அதற்குப் போர்த்தினாள்.
"இந்தக் குளிர்ல எதுக்கு இது?" என்றேன்.
"அவ கேக்கட்டும், சொல்றேன்"
என்றாள். அதற்குள்
காற்று படகைக் கொஞ்சம் தள்ளிவிட்டது,
படம் அசையாமல் நின்றது:
யோகமலர், வாய் பாதி திறந்தபடி.

சவரிமுத்து ஒன்றும் கேட்கவில்லை.
துடுப்பை எடுத்தான்,
இரண்டு வலி வலித்து
பழைய இடத்துக்கே கொண்டுபோனான்.

துறையில் பிள்ளைகள்
மூன்றாம் பலகையின் ஓட்டை வழியே
ஒவ்வொரு கல்லாய்ப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.
எங்களுக்குச் சத்தம் கேட்கவில்லை,
வட்டங்கள் மட்டும் தெரிந்தன.