நீடாமங்கலம் கேட்

ஹெவி லைசென்ஸ் கைக்கு வந்து பதினோரு நாள்.
அட்டையில் என் முகம்
ஆடு திருடிப் பிடிபட்டவன் மாதிரி இருக்கிறது.
பரவாயில்லை. இந்தியா முழுக்கச் செல்லும்.

வேலை தேடி ஆபீஸ் ஆபீஸாக ஏறவில்லை.
ஆபீஸில் எல்லோரும் நல்லவர்கள்.
ஊதுபத்தி, சுழல்நாற்காலி,
"தம்பி, நம்ம வண்டிய ஒன் வண்டியா நெனச்சுக்க."
நான் ரயில்வே கேட்டுக்கு வந்துவிட்டேன்.

இங்கே கூட்ஸ் எஞ்சின்
முன்னே போய், பின்னே வந்து, யோசித்து, மறுபடி முன்னே போய்
நெல் வேகன்களைக் கோத்து முடிப்பதற்குள்
கோயில்வெண்ணி வரைக்கும் லாரி நிற்கும்.
டெல்டாவின் கம்பெனிகள் அத்தனையும்
எஞ்சினை அணைத்துவிட்டு
எனக்காக வரிசையில் நிற்பது போல.

முதல் வண்டி: கதவெல்லாம் ரோஜாப்பூ, கண்ணாடிக்குக் குஞ்சம்,
ஏழு ஸ்வரத்துக்கும் ஹாரன்.
குனிந்தேன்.
வெளிச்சக்கரம் புத்தம்புதுசு.
உள்சக்கரத்தில் நூல் தெரிகிறது.

அடுத்தது காரைக்கால் கரி.
ஸ்டியரிங்கில் நெற்றியை ஊன்றித் தூங்கிக்கொண்டிருந்தார் இக்னேஷியஸ்.
"மூணு நடை அடிச்சாத்தான் பேட்டா."
ரெண்டரை அடித்தால்?
"ரெண்டரைன்னு ஒண்ணு கெடையாது. ரெண்டுதான்."
திரும்ப நெற்றியை வைத்துக்கொண்டார்.
வியர்வை பட்டுப்பட்டு அந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது.

நாமக்கல் வண்டி, பதினாறு சக்கரம்.
கவுஹாத்தி வரை லைன், நாற்பது நாளைக்கு ஒருமுறை வீடு.
பொய் சொல்வானேன், ஆசையாக இருந்தது.
"ஒரிஜினல் லைசென்ஸ ஆபீஸ்ல குடுத்துடணும்.
வருசம் முடிஞ்சாத் தருவாங்க."
சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

மணல்காரர்கள் நேற்று வீட்டுக்கே வந்தார்கள்.
இருபதாயிரம் முன்பணம், ராத்திரி மட்டும் ஓட்டம்.
என்ன லோடு என்று நான் கேட்கவில்லை.
கொள்ளிடத்துக்குத் தெரியும்.
அம்மா பணத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
துணி காயவில்லையே என்று கொல்லைக்குப் போய்விட்டாள்.
பணம் திரும்பிப் போயிற்று.
இரவு முழுக்க அதை நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

சம்பளத்தைக் கேட்டால் எவரும் கூட்டியோ குறைத்தோதான் சொல்கிறார்கள்.
எனவே கேள்வியை மாற்றினேன்.
"இதுக்கு முன்னாடி எந்தக் கம்பெனிண்ணே?"
வந்தது பாருங்கள் வசவு,
வாய்க்கால் மடை திறந்த மாதிரி.
கூத்தாநல்லூர் தவ்லத் லாரி சர்வீஸை விட்டு வந்தவர்கள் மூன்று பேர்.
மூவரும் வையவில்லை.
ஒருவர் சொன்னார்:
"கடன் ஏறிடுச்சு, காசு பத்தல, வந்துட்டேன்.
கணக்கு முடிக்கறப்ப
டோல்கேட்ல நான் கையிலேருந்து போட்ட அறுவத்தஞ்சு ரூவா,
நானே மறந்தது,
அதையும் எழுதி வச்சிருந்தாங்க."

மூன்றே வண்டி. பழசு. பெயரில் பாதி உரிந்திருந்தது.
கணக்குப் பார்க்கும் ஜெமீலா எதுவும் கேட்கவில்லை.
டிரான்ஸ்பார்மருக்கும் சிமெண்ட் தொட்டிக்கும் நடுவே
ரிவர்ஸ் எடுக்கச் சொன்னார்.
தொட்டி தப்பியது. டிரான்ஸ்பார்மர் தப்பியது.
ஒரு பக்கெட் தப்பவில்லை.
நோட்டில் எழுதினார், நான் எட்டிப் பார்த்தேன்:
பக்கெட் 1, கம்பெனி செலவு.

நாமக்கல்லைவிட நாலாயிரம் குறைவு.
"கொறச்சல்தான்" என்றார், குரலைத் தாழ்த்தாமல்.
லைசென்ஸை நகல் எடுத்து
ஒரிஜினலை என்னிடமே நீட்டினார்.
மெஷின் சூடு அதில் இன்னும் இருந்தது.

இன்று முதல் லோடு.
கொரடாச்சேரி மூட்டை, தஞ்சாவூர் குடோன்.
சரியாக என் மூக்குக்கு நேரே கேட் இறங்குகிறது.
எஞ்சினை அணைக்கிறேன்.
கண்ணாடியில் யாரோ ஒருவர்
என் உள்சக்கரத்துப் பக்கம் மெல்ல ஒதுங்குகிறார்.
நிமிர்ந்து உட்கார்கிறேன்.
நல்லா பாருங்கண்ணே, டயர் போன மாசம்தான் மாத்தினது.

அவர் வந்தது
ஒன்றுக்கு.