தேறும்

அலுவலகம் கொடுத்த சொல்லட்டவணையில்
பதினேழாவது வரி மட்டும் காலி.
வெள்ளிக்கிழமை கையேடு அச்சுக்குப் போகவேண்டும்.
"மீள்திறன்" என்று எழுதினேன்.
அடித்தேன்.
ரப்பர் வளையத்துக்கு அது சரி,
இழுத்து விட்டால் பழையபடி ஆகும்.
பாலக்கோட்டில் பழையபடி ஆன ஒருவரையும்
எனக்குத் தெரியாது.

"தாங்குதிறன்" என்று மாற்றி
மாரக்காவிடம் வாசித்துக் காட்டினேன்,
தக்காளி மண்டியில், காலை ஐந்தரைக்கு,
பெட்டிமேல் பெட்டி அவள் அடுக்கிக்கொண்டிருந்தபோது.
நிமிராமலே சொன்னாள்:
"தாங்கும்னு தெரிஞ்சா
இன்னொரு பெட்டி ஏத்துவாங்க.
அதை எழுதாதீங்க."

பொறுமை?
அதற்குப் பூமாதேவி இருக்கிறாள்,
குழுக்கடன் தவணை அவள் பேரில் இல்லை.
தாக்குப்பிடித்தல்?
பிடித்துக்கொண்டே இருக்கிற கையால்
எப்போது சோறு தின்பது?

அன்று நல்ல பெட்டியே நூற்றுப்பத்துதான்.
ராயக்கோட்டை சாலையோரம்
இரவில் யாரோ கொட்டிவிட்டுப் போனது
சிவப்பாய் வழிந்துகிடந்தது.
ஆடுகளும் முகர்ந்துவிட்டு நகர்ந்தன.
ஏலம் விடும் தீர்த்தகிரி
மாரக்காவின் பதினொரு பெட்டியில் ஒன்றை இழுத்து
மேலே பார்க்காமல் அடியில் கைவிட்டார்.
"மழை குடிச்ச காய்.
தேறாது."

அவள் எதிர்த்துப் பேசவில்லை.
சாக்கை விரித்தாள்.
பதினொன்றையும் கவிழ்த்தாள்.
வெடித்தது அந்தப் பக்கம்,
புள்ளி விழுந்தது இந்தப் பக்கம்,
பெருவிரலால் அழுத்தி, காம்பைத் திருப்பி,
சந்தேகமானதை மூக்கருகே கொண்டுபோய்.
நானும் குந்தினேன்.
ஒன்றரை மணி நேரம்.
என் அட்டவணை எப்போது சாக்குக்கடியில் போனது
என்று கவனிக்கவில்லை.

"நாலு தேறும்" என்றாள்.

எத்தனை முறை கேட்ட சொல்!
டெங்குவில் பதினாறு நாள்
தருமபுரி ஆஸ்பத்திரியில் கிடந்தானே இவள் மகன் நஞ்சப்பன்,
தேறிவிட்டான்.
அதே நஞ்சப்பன் பத்தாம் வகுப்புக் கணக்கில்
தேறவில்லை.
சீட்டு எடுத்தால் கழிவு போக என்ன தேறும் என்கிறோம்,
எழவு வீட்டில் மனசைத் தேத்திக்கோ என்கிறோம்.
கலங்கல் தண்ணீர்க் குடத்தின் உள்ளே
தேற்றாங்கொட்டையை உரசிவிட்டால்
மண் மெல்ல அடியில் உட்காரும்.

கொஞ்சம் பொறு என்றேன் எனக்கே.
இந்த ஊரில் தண்ணீர் கலங்கலாய் இருந்ததில்லை.
ஆழ்குழாயிலிருந்து கண்ணாடிபோல வந்த தண்ணீர்தான்
மாரக்காவின் பல்லில் பழுப்புக் கோடு இழுத்தது,
அவள் அண்ணன் முழங்காலை வளைத்தது.
எந்தக் கொட்டையை உரசியும் அவை தேறவில்லை.
இனியும் தேறாது.
அதையும் அதே சொல்தான் சொல்கிறது,
நெளியாமல்.
இல்லை என்று சொல்லத் தெரிந்த சொல்
ஆமாம் என்னும்போது
கொஞ்சம் நம்பலாம்.

நாலு பெட்டி, நானூற்று நாற்பது.
தீர்த்தகிரி முகம் பார்க்காமல் எண்ணிக் கொடுத்தார்.
கமிஷன், வண்டி வாடகை, இறக்குகூலி,
இரண்டு டீ (நான் நீட்டிய காசை அவள் தட்டிவிட்டாள்)
போக
முந்தானையில் முடிந்தது நூற்று முப்பது.
பறிகூலியை அவள் கணக்கிலேயே சேர்க்கவில்லை,
பறித்தது அவள்தானே.

சாக்கை உதறினாள்.
என் தாள் விழுந்தது.
பதினாறும் பதினேழும் பதினெட்டும்
தக்காளிச் சாற்றில் ஊறி
ஒரே வரியாகியிருந்தன.

மாரண்டஹள்ளி பஸ் உறுமிக்கொண்டு நின்றது.
படியில் ஒரு கால் வைத்தபடி
நாற்றுப் பண்ணைக்காரனிடம் போனில் கத்திக்கொண்டிருந்தாள்:
"விலை கிடக்கட்டும்யா.
தட்டுக்குத் தொண்ணூத்தெட்டுக் குழி,
தொண்ணூறாவது தேறுமா தேறாதா?
அதை முதல்ல சொல்லு."

அவன் என்ன சொன்னானோ,
இன்ஜின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.
அவள் ஏறிவிட்டாள்.