இதில் என்ன இருக்கு

கேம்பல் தெருவில் என் மருந்துக்கடை.
ஒருபக்கம் சின்சே, காய்ந்த பல்லிகள் அடுக்கிய சாடிகளோடு.
மறுபக்கம் போன வருஷம் திறந்த ஹிஜாமா நிலையம்,
கதவில் கவிழ்த்த கோப்பையின் படம்.
நடுவில் நான், முக்காடும் வெள்ளைக் கோட்டுமாய்.

காலையிலிருந்தே கேள்விகள்.
மாத்திரையின் கூடு எதில் செய்தது,
மாட்டிலா, மற்றதிலா?
மற்றது என்பார்கள், பேர் சொல்ல மாட்டார்கள்.
இருமல் மருந்தில் சாராயம் எத்தனை சதவீதம்?
ஹோமியோபதி சொட்டு நாக்கில் பட்டால் தொழுகை கூடுமா?
பெட்டியைத் திருப்பிப் பொடி எழுத்தை வாசிப்பேன்.
தெரியாததற்கு ஹஜ்ரத்தின் நம்பரைக் கொடுப்பேன்.

கேட்ட அதே ஆட்கள் பக்கத்துக் கடையில்
கறுத்த மருந்துத் தண்ணியை
முகர்ந்துகூடப் பார்க்காமல் வாங்குவார்கள்.
வேர்தானே, என்பார்கள்.
அரிசிச் சாராயத்தில் ஆறு மாதம் ஊறிய வேர்.

பிப்ரவரியில் மச்சானுக்கு முட்டி மாற்றினார்கள்.
மறுநாள் நர்ஸ் ஒரு சின்ன ஊசியோடு வந்தாள்,
வயிற்றுச் சதையைக் கிள்ளிப் போடுவது,
காலில் ரத்தம் கட்டாமல் இருக்க.
மச்சான் சட்டையை இழுத்து இறக்கிவிட்டார்.
"இதில் என்ன இருக்கு?"
நர்ஸை அல்ல, என்னைக் கேட்டார்.
முப்பது வருஷம் இந்தக் கேள்வியில் சோறு தின்றவள் நான்.
அன்றைக்குத்தான் பொய் நாக்கு நுனிவரை வந்து நின்றது.
"பன்றிக் குடல்" என்றேன்,
பேரைச் சொல்லியே.

அஸருக்குப் பிறகு ஹஜ்ரத் வந்தார்,
ஒரு கையில் ஹெல்மெட், ஒரு கையில் ஆரஞ்சு.
கிதாபு எதுவும் கொண்டுவரவில்லை.
என்னிடம்தான் கேட்டார்:
வேறு மருந்து உண்டா?
உண்டு, ஹஜ்ரத். பன்றி சேராதது. இங்கே ஸ்டாக் இல்லை.
எங்கே இருக்கு?
கோலாலம்பூரில். வர மூணு நாள்.
ரத்தம் மூணு நாள் பொறுக்குமா?
ஒரு ராத்திரி பொறுக்கும்னுகூட எழுதித் தர மாட்டேன்.

"அப்ப அது வர்ற வரைக்கும் இது.
வந்தபிறகு இது ஒரு சொட்டும் வேணாம்.
பசியில சாகக் கிடக்கிறவன் செத்ததைத் தின்னலாம்,
பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது."

மச்சான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
கர்னிக் கடலில் அலையே இல்லை.
"நீங்க சொல்லிட்டுப் போயிருவீங்க, ஹஜ்ரத்.
உடம்பு என்னுது."

ஹஜ்ரத் எழுந்து ஜுப்பாவைத் தூக்கினார்.
தொப்புளுக்கு இடப்பக்கம் நாலு தடம்,
இரண்டு மங்குஸ்தான் தோல் நிறத்தில்,
இரண்டு மஞ்சளாகத் தொடங்கி.
"போன மாசம். நெஞ்சுக்கு.
பள்ளிவாசலில் யாருக்கும் தெரியாது."

ஊசி போட்டாயிற்று.

கிளம்பும்போதுதான் பார்த்தார்,
மச்சானின் புஜத்தில் கறுப்புக் கயிறு, செம்புக் குழல்.
மாமி தைப்பிங்குக்கு ஆள் விட்டு எழுதி வாங்கியது,
ஆபரேஷன் முடிந்த இரவு கட்டியது.
"நெய்னா, இதில் என்ன இருக்கு?"
ஆயத்து, என்றார் மச்சான்.
எந்த ஆயத்து?
மச்சான் என்னைப் பார்த்தார்.
எனக்கு எப்படித் தெரியும்?
திறந்தால் பலிக்காது என்று மாமியின் கட்டளை.

"திறந்து பாருங்க. குர்ஆன் வசனம்னா இருக்கட்டும்,
நம்ம மத்ஹபில இடம் இருக்கு, அதுதான் குணமாக்குதுன்னு நம்பாத வரைக்கும்.
படிக்கத் தெரியாத கட்டமும் எண்ணும்னா
கழட்டிருங்க."
பாதி ஆரஞ்சை உரித்துவைத்துவிட்டுப் போனார்.

இரவில் நகவெட்டியோடு உட்கார்ந்தேன்.
கயிறு சுலபமாய் அறுந்தது.
குழலின் வாயில் மெழுகு.
பன்றிக் குடலைப் பேர் சொல்லிப் போட்ட நாங்கள் இரண்டுபேரும்
அந்த மெழுகைத் தொடவில்லை.

இப்போது அது கடையில் இருக்கிறது,
லேபிள் உதிர்ந்த புட்டிகளைப் போடும் டப்பாவில்.
எந்தக் கம்பெனி என்று தெரியாததால்
திருப்பி அனுப்ப முடியாதவை அவை.

வெள்ளிக்கிழமை மாமி வீடியோவில் வந்தார்.
மச்சான் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார்.
"தாயத்து இருக்கா?" என்றார்.
"இருக்கு, மாமி" என்றேன்.
எங்கே என்று கேட்கவில்லை.
இது பொய்யில் சேருமா என்று
ஹஜ்ரத்திடம் நானும் இன்னும் கேட்கவில்லை.