கடலுக்கு முதுகு

ஜனவரியில்தான் எங்கள் சிலோயே தீவுக்குக் கோடை.
கோடை என்றால்
மழை கொஞ்சம் இளைத்திருக்கும், அவ்வளவுதான்.

எலியேசர் வந்து இறங்கினான்,
அவன் அப்பா கடைக்கு ஐஸ் பெட்டி ஏற்றிவந்த அதே படகில்.
மூன்று வருடத்தில் இரண்டு கடை, ஒரு லாரி, ஒரு தங்கப் பல்.
ஊர் சும்மா இருக்குமா?
கலேயுச்சே கப்பலோடு அவருக்குக் கணக்குவழக்கு என்றது.
விளக்கெல்லாம் எரிய, பாட்டுச் சத்தத்தோடு
மூடுபனிக்குள் வரும் கப்பல் அது.
ஓட்டுபவர்கள் செத்துப்போன மாலுமிகள்.
அதனோடு வியாபாரம் வைத்தவன் வீட்டில்
நடுராத்திரி நங்கூரச் சங்கிலி இழுபடும் சத்தம் கேட்குமாம்.

உப்பு வாங்கும் சாக்கில் நேரே போய்க் கேட்டேன்:
உங்கள் வீட்டில் சங்கிலிச் சத்தம் கேட்குமா?
அவன் கொஞ்சம் யோசித்தான்.
கேட்கும். ஐஸ் பெட்டி மோட்டார்.
நானே தூங்குவதில்லை. வந்து கேட்கிறாயா?

போனேன்.
மாவு மூட்டைகள் மேல் உட்கார்ந்து கேட்டோம்.
சங்கிலி மாதிரியேதான் இருந்தது.

மறுநாள் கடல் வற்றிய நேரத்தில்
பாசி அள்ள என்னோடு வந்தான்.
கால்களில் சிவப்பாகப் புது ரப்பர் பூட்ஸ்.
பத்தாவது அடியில் ஒன்றைச் சேறு விழுங்கியது.
இன்னும் அங்கேதான் எங்கோ அடியில் கிடக்கிறது.
சேற்றில் நடக்கத் தெரியாதவனுக்குக்
கை கொடுக்கத்தானே வேண்டும்?
கொடுத்த கையை
அவன் திருப்பித் தரவில்லை.

ஒருநாள் மழைக்கு ஒதுங்கினோம்,
என் மாமா கவிழ்த்து வைத்திருந்த படகுக்கடியில்.
அவன் வாயில் புகைபோட்ட சிப்பியின் ருசி.
என் வாயில் என்ன ருசி என்று
கேட்க வெட்கமாயிருந்தது.
தலைக்கு மேல் பலகையில் மழை.
அப்போதுதான் பிங்கோயாவைப் பற்றிச் சொன்னேன்:
விடியலில் கரையில் ஆடுவாள்.
கடலைப் பார்த்து ஆடினால் அந்த வருடம் மட்டியும் மீனும் குவியும்.
மலையைப் பார்த்து ஆடினால்
உருளைக்கிழங்கைத் தின்று காலம் தள்ளவேண்டியதுதான்.
அவன் சிரிக்கவில்லை.
ஆடி முடித்த பிறகு எந்தப் பக்கம் பார்ப்பாள் என்றான்.
அதை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

பிப்ரவரிக் கடைசியில், ஒரு புதன்கிழமை,
புவேர்த்தோ மோன்ட்டில் விடுதிப் பள்ளி, வெள்ளிக்கிழமை படகு என்றான்.
எனக்குத் திங்களே தெரியும்.
ரொட்டி விற்பவள் சொல்லித் தெரியும்.
ரொட்டிக்காரிக்குப் பிறகுதான் நானா?

வெள்ளி மாலை முழங்கால் சேற்றில் நின்றேன், கையில் வாருகோலோடு.
படகின் பின்பக்கம் நின்று
இரண்டு கைகளையும் ஆட்டினான்.
நயாரெட், நயாரெட் என்று
ஊர் முழுக்கக் கேட்கக் கத்தினான்.
நான் திரும்பிக்கொண்டேன்.
மலைப்பக்கம்.
அங்கே பார்க்க ஒன்றுமில்லை.
ஒரு கிழங்குத் தோட்டம், மாதா கோவில் கோபுரம்,
பக்கத்து வீட்டுக் குதிரையின் பின்புறம்.
இன்ஜின் சத்தம் கரையும்வரை
அந்தக் குதிரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்தொன்பதாம் நாள்
கடலில் செந்நுண்பாசி பரவியது.
ஆரஞ்சு அங்கி போட்டவர்கள் வந்து
கரை நெடுக அறிவிப்புப் பலகை நட்டார்கள்.
மட்டி விஷம். சிப்பி விஷம்.
அம்மாவின் கூடை ஆணியில் ஏறியது.
ஊர்க்கூட்டத்தில் ஆளுக்கொரு பக்கம் கை நீட்டினார்கள்:
சால்மன் பண்ணைக்காரன், அரசாங்கம், வெயில்.
கலேயுச்சேகூட ஒரு திட்டு வாங்கியது.
நான் என் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

கடல் எப்படி இருக்கிறது என்று
போனில் செய்தி அனுப்பியிருந்தான்.
நீளமாக எழுதி, அழித்து,
இருக்கிறது என்று மட்டும் அனுப்பினேன்.

இப்போதெல்லாம் விடியலில்
தண்ணீர் இறங்கியதும் போய் நிற்கிறேன்.
கடலைப் பார்த்து.
ஆடத் தெரியாது எனக்கு,
ஆடினாலும் சேறு விடாது.
கை மரத்துப்போகும்வரை நிற்கிறேன்.
நேற்று அம்மா பின்னால் வந்து
இந்தக் குளிரில் என்னடி தேடுகிறாய் என்றாள்.
மட்டி என்றேன்.
அதைத்தான் எடுக்கக்கூடாதென்று பலகை வைத்திருக்கிறார்களே என்றாள்.
ஆமாம், அதனால்தான் என்றேன்,
திரும்பாமல்.