பந்து இல்லை

ஜனவரியில் பித்தொம் நகரத்துக்கு
எட்டு மணியானாலும் விடிவதில்லை.
டிராமிலிருந்து இறங்கி
பனிச்சேற்றை வாசலில் உதறிவிட்டுப்
பன்னிரண்டு பேர் சாக்ஸைக் கழற்றுகிறோம்.

சாம்பல் நிற லினோலியம், மூட்டுகளில் கறுப்பு டேப்.
அதற்குக் கீழே மரம்.
மரத்துக்குக் கீழே செங்கல்.
செங்கலுக்கு வெகு கீழே
நிலக்கரியை எடுத்துவிட்டு அடைக்காமல் போன இடம்.
ஊரே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருக்கிறது.
இந்தக் கூடத்தில் ஓர் ஆரஞ்சை எங்கே வைத்தாலும்
ஜன்னலோர ஹீட்டரிடமே உருண்டு போய்ச் சேரும்.

அக்டோபரில், முதல் வாரம்,
கண்ணை மூடி நடக்கச் சொன்னார்கள்.
யாரையும் இடிக்காமல், காதாலும் தோலாலும்.
திறந்து பார்த்தால்
பன்னிரண்டு பேரும் ஹீட்டர் மூலையில்,
மழைக்கு ஒதுங்கிய ஆடுகள்.
ஹால்ஷ்கா சிரிக்கவில்லை.
நோட்டில் என்னவோ எழுதிக்கொண்டார்.

பிறகு விழுவது.
ஆறு வாரம் விழுவது மட்டும்.
முழங்காலின் பக்கம், தொடை, விலா, தோள்;
எலும்பை ஒளித்துக்கொண்டு சதையைத் தரைக்குக் கொடு,
மூச்சு வெளியேறும்போதே நீயும் போ.

எனக்கா விழத் தெரியாது?
ஏழு வருடம் ஹேண்ட்பால் கோல்கீப்பர்.
இடமும் வலமும் பாய்ந்தே
இடுப்பு காய்த்துப்போனவள்.
விழுந்தேன், கூடமே திரும்பிப் பார்க்கும்படி.
"யாக்னா, பந்து இல்லை" என்றார் ஹால்ஷ்கா.
மறுபடி விழுந்தேன்.
"இன்னும் இருக்கிறது."
குனிந்து பார்த்தேன்:
பத்து விரல்களும் விரிந்திருந்தன,
வராத ஒன்றைத் தட்டிவிட.

ஜெமோவித் போஸ்னான்காரன்.
ஆறு வயதிலிருந்து பாலே.
உச்சந்தலையில் யாரோ ஒரு நூலைக் கட்டி
கூரையில் மாட்டிவிட்டு
அவிழ்க்க மறந்துபோயிருந்தார்கள்.
விழு என்றால் இறங்குவான்,
ஈரத் தரையில் விலை உயர்ந்த ஷூவோடு நடப்பவன்போல.
அவனையும் என்னையும் ஜோடியாக்கினார்கள்.
கிண்டலா கணக்கா தெரியாது.

பாடம் இவ்வளவுதான்:
அவன் மல்லாந்து படுக்க வேண்டும்.
அவன் தலையை நான் கையில் வாங்க வேண்டும்.
தூக்கினேன். எடையே இல்லை.
"நீ தரவில்லை."
"தந்துவிட்டேன்."
கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு சாட்சி சொன்னது.
நானும் யோக்கியமில்லை;
உள்ளங்கை இரண்டும் பலகை.
எது வந்தாலும் திருப்பி அனுப்பிப் பழகியவை.

நவம்பர் போயிற்று.
முழங்கால்கள் நீலமாகி, பச்சையாகி, மஞ்சளாகி
திரும்ப நீலமாயின.
கார்கிவிலிருந்து வந்த மிரோஸ்லாவா
ஒருநாள் இடுப்பை உருட்டிக்கொண்டிருக்கும்போதே அழுதாள்.
காரணம் கேட்கக் கூடாதென்று
யாரும் சொல்லாமலே எங்களுக்குத் தெரிந்திருந்தது.
ஒரு தண்ணீர் பாட்டில்
கை மாறி மாறி அவள் பக்கம் நகர்ந்தது.

இன்று, வியாழன்.
அதே தரை, அதே தலை, அதே பொய்.
பத்தேகால் மணிக்குச் சுரங்கம் அசைந்தது.
இந்த ஊர்க்காரி நான்; எனக்கு இது தும்மல் மாதிரி.
எங்கோ ஆழத்தில் ஒரு பாறை
உட்கார இடம் தேடி, கிடைத்து, உட்காரும்.
விளக்குகள் ஆடின.
சுவர்க் கண்ணாடி ஒரு நொடி
எல்லோரையும் இரண்டிரண்டாகக் காட்டிற்று.
ஜெமோவித் எழப் போனான்,
எழவில்லை.
அவன் முதுகு முழுவதும்
அந்த நடுக்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது.
பிறகு, எப்போதும் பாதியில் நிறுத்திவைக்கும் மூச்சை
மிச்சமில்லாமல் விட்டான்.

வந்தது தலை.
ஐந்து கிலோ இருக்கும்.
வியர்த்த முடி, சூடான காதுகள்,
பிடரியில் சிறு பள்ளம்.
தட்டிவிட்டுவிடுவேனோ என்று
என் கைகளுக்கு நான் பயந்தேன்.
விரல்கள் குவிந்துகொண்டன.
யாரும் கைதட்டவில்லை. யாருக்கும் தெரியாது.
ஹீட்டர் மட்டும் டக் டக் என்றது.

"மாறுங்கள்" என்றார் ஹால்ஷ்கா.

இப்போது நான் படுத்திருக்கிறேன்.
கூரையில் ஓர் ஈரக் கறை,
போன வாரத்தைவிட ஒரு விரல் அகலம் கூடுதலாக.
அவன் கைகள் என் காதுகளுக்குக் கீழே நுழைகின்றன.
தந்துவிட்டேன் என்கிறேன்.

இல்லை என்கிறான்.