மிச்சச் செங்கல்

இருநூற்றுப் பதினேழு.
திரும்ப எண்ணினேன், அதேதான்.
ஒவ்வொன்றின் முதுகிலும் புது மாகாணத்தின் பெயர்,
சூளைக்குப் போகுமுன் பச்சை மண்ணில் அழுத்தியது.
நேற்றுத் தந்தி வந்தது:
அப்படியொரு மாகாணம் இனி இல்லை.

கொத்தனார் கெஃபாயத் நான்.
இந்தக் கச்சேரிக் கட்டடத்துக்குப் படி கட்டியவன்.
பத்தொன்பது படி ஏறினால்
ரம்னாவின் ஆகாயம் இருக்கிறது,
மாடி இல்லை.

ஆறு வருஷம் முன்னால்
வங்காளத்தை இரண்டாக வகிர்ந்த அன்று
நிபாரண் சாகா வீட்டில் உலை ஏறவில்லை.
வெறும் வயிற்றோடு வந்து
என் மணிக்கட்டில் மஞ்சள் நூல் கட்டினான்.
அண்ணன் தம்பி என்றான்.
சுண்ணாம்பு பட்டு
மூன்றாம் நாளே அது இற்றுப்போனது.
அவனிடம் சொல்லவில்லை.

அடுத்த வாரம் பள்ளிக்கூடப் பையன்கள்
ஜொபேதாவின் மடியைத் தட்டிவிட்டார்கள்.
லிவர்பூல் உப்பாம்.
நாட்டு உப்பு என்ன விலை என்று
பையன்களுக்கு யார் சொல்வது?
மண்ணோடு அள்ளி வந்து கரைத்து வடிகட்டினாள்.
அன்றைக்கு மீன்குழம்பில்
பல்லுக்கடியில் நறநறத்தது தெரு.

பிறகு வேலை வந்தது.
பொய் சொல்ல மாட்டேன், நல்ல காலம் அது.
பிரித்த கைதான் கூலியும் கொடுத்தது.
ஃபரீத்பூரிலிருந்து தம்பி வந்தான், மச்சான் வந்தான்,
கல்கத்தாவைக் கண்ணால் காணாத நம் பிள்ளைகள்
இங்கேயே குமாஸ்தா ஆவார்கள் என்று
சாரத்தில் நின்றபடி பேசிக்கொண்டோம்.
நம்பினேனா?
பாதி.

இன்று காலை நிபாரண் சந்தேஷ் கொண்டுவந்தான்.
ஒட்டிவிட்டார்கள் கெஃபாயத், ஒட்டிவிட்டார்கள்!
படி உச்சியில் உட்கார்ந்து தின்றோம்.
எனக்கு எழுத்து தெரியாது.
பத்திரிகையின் கீழ்ப்பாதியை அவன்தான் வாசித்தான்:
தலைநகரம் இனி தில்லி.
மெல்லுவதை நிறுத்தினான்.
அப்போ கல்கத்தா? என்றான்,
ஏதோ நான்தான் அதைத் தூக்கிக்கொண்டு போனதுபோல.

மிச்சத்தை எடுத்துக்கோ என்றார் ஒப்பந்தக்காரர்.
மாட்டுவண்டிக்கு எட்டணா.
முற்றத்தில் ஜொபேதா அடுப்புக் கட்டினாள்,
அதற்குப் பதினொரு கல் போதும்.
எழுத்தை உள்பக்கம் திருப்பியிருக்கிறாயே, ஏன்?
வெளியே வழவழன்னு இருந்தா
மெழுகச் சுலபம், என்றாள்.

உலை கொதிக்கிறது.
பொழுது சாய, பனி இறங்குகிறது.
வேலிப்படலருகே நிபாரண் நிற்கிறான்.
எங்கள் கைச்சோறு அவன் தின்ன மாட்டான்,
நாங்களும் கேட்டுச் சங்கடப்படுத்துவதில்லை.
குளிருக்காக ஓரடி முன்னால் வந்து
அடுப்பை நோக்கிக் கையை நீட்டுகிறான்.
அவன் மணிக்கட்டிலும்
ஒன்றும் இல்லை.