பதினேழாம் அடிக்குறிப்பு

முதல் மாதம் முழுக்க நான் போரைப் படிக்கவில்லை.
'யு' என்ற எழுத்தைப் படித்தேன்.
அந்தக் காலத்து ஜெர்மன் கையெழுத்தில்
'யு'வுக்கும் 'என்'னுக்கும் ஒரே முகம்;
'யு'வின் தலைமேல் மட்டும் சின்ன வளைவு,
எழுதியவனுக்கு நேரமிருந்தால்.

லுப்லியானா ஆவணக் காப்பகம். ஜனவரி.
பேனாவுக்கு அனுமதியில்லை, பென்சில் மட்டும்.
மூன்றாமாண்டு செய்முறைத் தாள்: ஆளுக்கொரு பெட்டி.
கோராஸ்துக்குக் கோவேறு கழுதைகள் விழுந்தன.
சோச்சா ஆற்றுக்கு மேலே பாறைகளுக்குப்
பீரங்கிக் குண்டு சுமந்தவை, இருநூற்றுப் பதினாலு,
ஒவ்வொன்றுக்கும் பெயர், நிறம், பல்லின் நிலை.
என் பெட்டியில் ஒரு மருத்துவமனைப் பதிவேடு,
முப்பத்தொரு அஞ்சலட்டைகள்.
மனிதர்களுக்குக் கட்டில் எண் முதலில், பெயர் பிறகு.

யெர்னெய் ஸ்குபின். கட்டில் ஐந்து.
கார்ஸ்ட் மேட்டு ஊர்க்காரன், வயது இருபது.
1916 நவம்பர் 9, இரவு இரண்டு மணி: மரணம்.
நவம்பர் 14: அவன் அம்மாவுக்கு அட்டை.
'நலம். சூப்பில் இறைச்சி போடுகிறார்கள்.'

தாழ்வாரத்துக்கு ஓடினேன்.
"அவன் சாகவில்லை, ஷிவா!"
"யார் சொன்னது?"
"அட்டை."
"பதிவேடு?"
"பதிவேடு தப்பு."
"அட்டை ஏன் தப்பாக இருக்கக்கூடாது?"
கேட்டுவிட்டுக் காப்பியை ஊதினாள்.
என்னிடம் பதில் இல்லை. ஆசை இருந்தது.

அட்டைகளை மேசையில் பரப்பினேன்.
பதினொன்றில் ஒரே கை.
'ஜி'யின் வால் ஒரே பக்கம் சுழிக்கிறது,
பதினொரு அம்மாக்களுக்கும் அதே சூப்பு.
கட்டில் ஆறு: அவ்குஷ்தின் ரெமெத்ஸ்,
நிலவரி அலுவலக எழுத்தன்,
வலக்கால் முழங்காலோடு போய்விட்டது.
நவம்பர் 15இல் வீட்டுக்கு அனுப்பப்பட்டான்.
பதிவேட்டில் அவன் போட்ட கையொப்பத்தில்
அதே வால்.

அன்றிரவு நான்கு பக்கம் எழுதினேன்.
பக்கத்துக் கட்டில் காலியானதைப் பார்த்தவன்,
ஊருக்குப் போகுமுன்
இறந்தவனுக்காக ஒரு பொய் எழுதிப் போட்டான் என்று.
அதில் பனி பெய்தது. மெழுகுவர்த்தி எரிந்தது.
நான் எழுதியதிலேயே நல்ல நான்கு பக்கம்.

மறுநாள் உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தபோது
அந்த 9க்கு முன்னால் ஒரு மைத்துளி.
துளியாகவும் இருக்கலாம், ஒன்றாகவும் இருக்கலாம்.
மேல் வரியில் எட்டாம் தேதி, கீழ் வரியில் இருபது.
நடுவில் ஒன்பதுக்கும் இடமுண்டு,
பத்தொன்பதுக்கும் இடமுண்டு.
பத்தொன்பது என்றால்
பதினாலாம் தேதி அவன் உயிரோடிருந்தான்,
சொல்லச் சொல்ல ரெமெத்ஸ் எழுதினான்,
சூப்பில் நிஜமாகவே இறைச்சி இருந்தது.

மற்றப் பத்து அட்டைகளையும் சரிபார்த்தேன்.
யாரும் செத்தபின் எழுதவில்லை.
அதுவும் எதையும் நிரூபிக்கவில்லை.

நான்கு பக்கத்தையும் அடித்தேன்.
மெழுகுவர்த்தியை அடிக்கும்போது கை கொஞ்சம் நின்றது;
பதிவேட்டிலேயே இருக்கிறது, அங்கே கார்பைடு விளக்கு.
மிஞ்சியது அடிக்குறிப்பு பதினேழு, மூன்று வரி:
தேதி ஐயத்துக்குரியது;
எழுதிய கை ரெமெத்ஸினுடையதாகலாம்;
எழுதிய காரணத்தை நிறுவ இயலவில்லை.

காப்பகப் படிக்கட்டில் உட்கார்ந்து புரெக் தின்றோம்.
எண்ணெய் விரலைத் துடைத்தபடி கோராஸ்த் கேட்டான்:
"சரி, உன் பையன் எப்போதுதான் செத்தான்?"
"தெரியாது" என்றேன்.
செப்டம்பரில் இதே சொல்லைச் சொல்லக் கூசியிருப்பேன்.
"என் கழுதை ஒன்றும் அப்படித்தான்" என்றான்,
"லிஸ்கா. இரண்டு மலையில் ஒரே நாள்."

பெட்டியைத் திருப்பித் தருமுன்
அந்த அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன்.
நாலாக மடித்த தடம்.
மடிப்பு தேய்ந்து இழை விட்டிருக்கிறது,
'சூப்பு' என்ற சொல் பாதிதான் மீதி.
பலமுறை மடிக்கப்பட்டது, பலமுறை பிரிக்கப்பட்டது.
இதை மட்டும் உறுதியாக எழுதலாம் என்று
பென்சிலை எடுத்தேன்.

யாரால் என்று எழுதவில்லை.